கவரிங் போட்டா அரிக்குமா?

தங்கச்சிக்குத் தாடை மூட்டை மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவான பிறகு, ஆறு வாரத்தில் இரண்டு ஆஸ்பத்திரி, நாலு டாக்டர், ஒரு கட்டைப்பை நிறைய ஃபைல் என்று அலைந்துவிட்டோம். போன இடத்திலெல்லாம் ஒரு படிவம் நீட்டினார்கள். அதில் அலர்ஜி என்று ஒரு வரி, அதற்குக் கீழே இரண்டே கட்டம்: மருந்து, உணவு. இரண்டிலும் இல்லை என்று டிக் அடித்துவிட்டு வருவாள். பொய்யும் இல்லை. அவளுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளும், கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளும், இறாலும் ஒத்துக்கொள்ளும், இறால் நுழையும் அளவுக்கு வாய் திறந்தால்.

கேட்க வேண்டிய கேள்வியைக் கடைசியில் கேட்டது சி.டி. ஸ்கேன் எடுக்கும் பெண். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கழுத்தில் காதில் இருப்பதையெல்லாம் கழற்றச் சொன்னதும் தங்கச்சி தாலிச் சங்கிலியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். அதில் வழக்கம்போல மூன்று ஊக்கு தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஊக்கு உரசுகிற இடத்தில், நெஞ்சுக்குழிக்கு மேலே, ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுத்துத் தடித்திருந்ததைப் பார்த்துவிட்டு, “அக்கா, உங்களுக்கு கவரிங் போட்டா அரிக்குமா?” என்றாள். “ஐயோ, சின்ன வயசுலேருந்தே” என்றாள் தங்கச்சி, பல்லைக் கடித்தபடியே, அவளால் அப்படித்தான் பேச முடியும். “டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா? உள்ள மெட்டல்தானே வைக்கப்போறாங்க?”

நான் பதினான்கு வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். அந்தக் கேள்வி எனக்கு வந்திருக்க வேண்டும். பெரம்பூருக்குத் திரும்பும் வழியெல்லாம் 29சி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு அந்த மூன்று ஊக்கையும் பார்த்தபடியே வந்தேன்.

கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். ஆறு வயதில் இவள் மொட்டை மாடிப் படியிலிருந்து உருண்டாள். மோவாய் கிழிந்து நாலு தையல், இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான் என்று எல்லோரும் மறந்துவிட்டோம். மோவாய் தரையில் அடிபடும்போது அந்த அடி நேராகக் காதுக்கு முன்னால் இருக்கிற மூட்டுக்குப் போகும், அங்கே எலும்பின் தலை நொறுங்கும், குழந்தைகளுக்கு அது ஆறுகிற வேகத்தில் தாடை எலும்பும் மண்டை எலும்பும் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்துவிடும் என்பதெல்லாம் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நம் ஊரில் தாடை பூட்டிக்கொள்கிற கேஸ்களில் பெரும்பாலானவை இப்படிச் சின்ன வயதில் விழுந்தவைதான், இல்லையென்றால் கவனிக்காமல் விட்ட காது சீழ். பத்து வயதில் அவளால் ஆப்பிள் கடிக்க முடியவில்லை. பதினைந்தில் தோசையைப் பிய்த்துப் பல் இடுக்கு வழியாகத் தள்ளினாள். பதினேழு வயதில் ஓர் ஆபரேஷன் நடந்தது, ஒட்டின எலும்பை வெட்டி நடுவில் நெற்றிப்பொட்டுத் தசையை மடித்து வைத்தார்கள், நன்றாகத்தான் திறந்தது. வீட்டுக்கு வந்து தினமும் செய்ய வேண்டிய வாய்ப் பயிற்சியை வலிக்கிறது என்று விட்டாள், நாங்களும் பாவம் என்று விட்டோம். மூன்று வருடத்தில் மறுபடி பூட்டிக்கொண்டது. முப்பத்து மூன்று வயதில் அவள் வாய் திறந்தது 8 மில்லிமீட்டர். சாதாரணமாக ஒருவருக்கு 35 முதல் 50 வரை வரும், நம்முடைய மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் உள்ளே போக வேண்டும். வைத்துப் பாருங்கள்.

சரி, அலர்ஜிக்கு வருவோம்.

காது குத்தின நாளிலிருந்தே அவளுக்கு இந்தத் தொல்லை உண்டு. பள்ளிக்கூடம் போகும்போது தங்கம் வேண்டாம் என்று கடையில் வாங்கின தோடு போட்டால் இரண்டாம் நாளே காது மடல் வீங்கி நீர் கோத்துக்கொள்ளும். அம்மா தோட்டைக் கழற்றிவிட்டு வேப்பங்குச்சி செருகி, மேலே தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் தடவுவாள். காலேஜில் ஜீன்ஸ் போட ஆரம்பித்ததும் தொப்புளுக்குக் கீழே, பட்டன் படுகிற இடத்தில், வட்டமாக ஒரு சொறி. அதற்கு அம்மாவின் தீர்ப்பு ஒன்றே ஒன்றுதான்: சூடு. சூடு என்றால் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், இளநீர், வெந்தயம். கல்யாணம் ஆனதும் தாலிச் சங்கிலி தங்கம், அது ஒன்றும் செய்யவில்லை. அதில் தொங்கவிட்ட ஊக்குதான் செய்தது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நம் வீட்டுப் பெண்கள் தாலியில் மாட்டி வைக்கிற ஊக்கு பெரும்பாலும் நிக்கல் முலாம் பூசினது. வியர்வை பட்டால் அதிலிருந்து நிக்கல் கரைந்து வரும். கவரிங் நகையிலும் அப்படித்தான், பித்தளைக்கும் மேலே பூசின தங்கத்துக்கும் நடுவில் பல சமயம் ஒரு நிக்கல் பூச்சு இருக்கும். மேல்பூச்சு தேய்ந்ததும் அது வெளியே வந்துவிடும், கழுத்தும் கறுக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்காகவே 1994ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. உடம்பில் தொடர்ந்து படுகிற பொருளிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு வாரத்தில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது. தோடு, வாட்ச், ஜீன்ஸ் பட்டன் எல்லாம் அதில் அடக்கம். நம்ம ரங்கநாதன் தெருவில் யாரும் மைக்ரோகிராம் கேட்டு வாங்குவதில்லை.

மறுநாள் பள்ளிக்கூட லேபிலிருந்து இரண்டு குட்டி பாட்டில் எடுத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனேன். ஒன்று டைமெத்தில்கிளையாக்சைம், ஆல்கஹாலில் கரைத்தது. இன்னொன்று நீர்த்த அம்மோனியா. உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், நிக்கல் இருந்தால் ரோஜா சிவப்பில் ஒரு வீழ்படிவு வரும், சோதனைக் குழாயில் அவ்வளவு அழகாக வேறெதுவும் வராது. காது குடைகிற பஞ்சுக் குச்சியில் இரண்டிலும் ஒரு சொட்டு விட்டு, ஊக்கின் மேல் அரை நிமிஷம் தேய்த்தேன். பஞ்சு இளஞ்சிவப்பாக மாறியது. தங்கச்சியின் பையன் உற்சாகமாகி வீட்டில் இருந்த எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டினான். கவரிங் வளையல் சிவப்பு. பழைய தடித்த ஐந்து ரூபாய்க் காசு, செப்பு நிக்கல் கலவை, நல்ல சிவப்பு. தாலிச் சங்கிலி ஒன்றும் இல்லை. எவர்சில்வர் டம்ளரும் ஒன்றும் இல்லை, அதில் நூற்றுக்கு எட்டுப் பங்கு நிக்கல் இருந்தும்.

இந்த டம்ளர்தான் எனக்கு விஷயத்தைப் புரியவைத்தது. ஒரு கலவையில் நிக்கல் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கணக்கு, அதிலிருந்து எவ்வளவு வெளியே வருகிறது என்பது இன்னொரு கணக்கு. எவர்சில்வரில் குரோமியம் இருப்பதால் மேலே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் போர்த்திக்கொண்டு உள்ளே இருப்பதை வெளியே விடாது. மூட்டுக்குள் வைக்கிற உலோகங்களுக்கும் இதே படலம்தான் பாதுகாப்பு. ஆனால் டம்ளர் அலமாரியில் சும்மா இருக்கிறது. தாடை மூட்டு சும்மா இருக்காது, பேசும்போதும் மெல்லும்போதும் எச்சில் விழுங்கும்போதும் அசைந்துகொண்டே இருக்கும். உரசும்போது படலம் கீறும், மறுபடி உருவாகும், அந்த இடைவெளியில் கொஞ்சம் அயனி கரையும், சுற்றி உப்பு நீர் வேறு. ஸ்க்ரூவுக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் அரிமானம் இன்னும் சுலபம்.

அன்று இரவு எஸ்டிமேட் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். தாடைப் பக்கத்துக்குக் கோபால்ட் குரோமியம் மாலிப்டினம், மண்டைப் பக்கத்துக் குழிக்கு ஒருவகை அடர்த்தியான பாலிஎத்திலீன். கோபால்ட் அறுபது சதவீதத்துக்கு மேல், குரோமியம் முப்பதுக்குக் கொஞ்சம் கீழே, மாலிப்டினம் ஐந்தாறு. நிக்கல் வேண்டுமென்று சேர்ப்பதில்லை, ஆனால் தரக்கட்டுப்பாடு ஒரு சதவீதத்துக்குள் அதையும் அனுமதிக்கிறது. இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டில் பல வருடமாகப் புழங்குகிற கலவைதான் இது, மட்டமான சரக்கு ஒன்றும் இல்லை. தேய்மானத்தைத் தாங்குவதில் இதற்கு ஈடு கிடைப்பது கஷ்டம்.

ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். கூகுள் பார்த்துவிட்டு வந்துவிட்டாள் என்று நினைப்பாரோ என்று பயம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, தங்கச்சியைப் பார்த்து, “எந்தெந்த இடத்துல வந்திருக்கு? காட்டுங்க” என்றார். காது, கழுத்து, வயிறு. பார்த்துவிட்டு, “இம்ப்ளான்ட் ஆர்டர் இன்னும் போகல. போறதுக்குள்ள ஒரு பேட்ச் டெஸ்ட் பண்ணிடலாம்” என்று தோல் டாக்டருக்குச் சீட்டு எழுதினார். இதே விஷயத்தை இரண்டாவது கருத்துக்காகப் போன இன்னொரு இடத்தில் சொன்னபோது, “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா, தோல் வேற எலும்பு வேற” என்று சிரித்தார்கள். அப்போது கோபம் வந்தது. பிறகு படிக்கப் படிக்க அவர்கள் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது என்று தெரிந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

பேட்ச் டெஸ்ட்டை மே மாதம், அக்னி நட்சத்திரத்தில், சென்னையில் யாரும் செய்துகொள்ளாதீர்கள். தோல் டாக்டரே தலையில் கை வைத்துக்கொண்டு, “வேற வழியில்லையா, வேர்வையில டேப் நிக்காதே” என்றார். ஆர்டர் காத்திருந்ததால் வேறு வழியில்லை. முதுகில் வரிசையாக ஒட்டினார்கள். டேப்பில் ஸ்டிக்கர் பொட்டு அளவுக்குக் குட்டிக் குட்டி அலுமினியக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் வாசலினில் குழைத்த ஒரு பொருள்: நிக்கல் சல்பேட் 5 சதவீதம், கோபால்ட் குளோரைடு 1 சதவீதம், பொட்டாசியம் டைகுரோமேட் அரை சதவீதம், இன்னும் பல. எது எங்கே என்று முதுகிலேயே அழியாத மையில் குறித்தார்கள். நாலு நாள் முதுகு நனையக் கூடாது, குனிந்து நிமிரக் கூடாது, வேர்க்கக் கூடாது. வேர்க்கக் கூடாது என்று சொன்னபோது அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு கொத்தனார் உட்கார்ந்திருந்தார், வியாசர்பாடிக்காரர். இரண்டு உள்ளங்கையும் வெடித்து, விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து, கையை மடக்க முடியாமல் மடியில் திறந்து வைத்திருந்தார். சிமென்ட்டில் இருக்கும் குரோமியம். இருபது வருடம் சிமென்ட் குழைத்தவருக்கு இப்போது தோல் செருப்பு போட்டால் காலிலும் வருகிறது, ஏனென்றால் தோல் பதனிடுவதும் குரோமியத்தில்தான். “முட்டிக்கு எதாச்சும் வைக்கணும்னா என்ன பண்ணுவாங்க எனக்கு?” என்று கேட்டார். தங்கச்சியின் கதையை நான் சொல்லி முடித்திருந்தேன். பதில் எனக்குத் தெரியவில்லை, டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அந்த நாலு நாளும் தங்கச்சி முன்பக்கம் மட்டும் சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டாள். ராத்திரி ஃபேனுக்கு முதுகைக் காட்டி ஒருக்களித்துப் படுத்தாள், ஒரு ராத்திரி கரென்ட் போனபோது அவள் வீட்டுக்காரர் விடியும்வரை விசிறினார், அதை இப்போதும் சொல்லிக் காட்டுகிறார். இரண்டாம் நாள் டேப்பைப் பிரித்ததும் உடனே பார்க்கவில்லை, டேப் சிவப்பு தணியட்டும் என்று அரைமணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தார்கள். நிக்கல் போட்ட வட்டத்துக்குள் சிவந்து, தடித்து, கடுகு தாளித்தது மாதிரி குட்டிக் குட்டி நீர்க்கொப்புளம். இரண்டு பிளஸ், அதாவது நல்ல தீவிரம். கோபால்ட் அன்றைக்கு ஒன்றுமில்லை, நாலாம் நாள் மெல்லச் சிவந்து தடித்தது, ஒரு பிளஸ். குரோமியம் கடைசிவரை சுத்தம். உலோகங்கள் சில சமயம் சோம்பேறித்தனமாக வரும் என்று ஏழாம் நாளும் வரச்சொல்லிப் பார்த்தார்கள்.

ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டேன். இது இறால் சாப்பிட்டதும் உதடு வீங்குகிற ரகம் இல்லை. அங்கே வேலை செய்வது ஆன்டிபாடி, நிமிஷத்தில் வந்துவிடும். இங்கே டி செல்கள், நோய் எதிர்ப்பு வேலை பார்க்கிற ஒருவகை வெள்ளணுக்கள். நிக்கல் அயனி தனியாக இருந்தால் அவற்றின் கண்ணில் படாத அளவுக்குச் சின்னது. நம் உடம்புப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டதும் அந்தப் புரதம் வேற்றாள் மாதிரி தெரிய ஆரம்பிக்கிறது. முதல் தடவை பார்த்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும், அடுத்தடுத்த தடவை ஆள் திரட்டிக்கொண்டு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். அந்த ஞாபகம் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. தங்கச்சியின் டி செல்கள் ஆறாம் வகுப்பில் போட்ட தோட்டை இன்னும் மறக்கவில்லை.

இப்போது அந்தப் பாதி உண்மைக்கு வருகிறேன். தோலில் நிக்கல் ஒத்துக்கொள்ளாத எத்தனையோ பேர் கோபால்ட் குரோமியம் முழங்காலோடு நிம்மதியாக நடந்துகொண்டிருக்கிறார்கள். தோலில் இருக்கிற காவல் செல்கள் எலும்புக்குள் அதே மாதிரி இல்லை. பேட்ச் டெஸ்ட் பாசிட்டிவ் என்பதால் மட்டும் இம்ப்ளான்ட் தோற்றுவிடும் என்று சொல்ல முடியாது, நெகட்டிவ் என்பதால் மட்டும் தோற்காது என்றும் சொல்ல முடியாது. ரத்தத்தில் இருக்கும் லிம்போசைட்டுகள் என்கிற வெள்ளணுக்களை எடுத்து உலோக உப்போடு வளர்த்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு, எல்லா லேபிலும் செய்வதில்லை, அதுவும் உடம்பு அந்த உலோகத்தை அறிந்திருக்கிறது என்று சொல்லுமே தவிர மூட்டு என்ன ஆகும் என்று ஜோசியம் சொல்லாது. அதனால் மூட்டு வைக்கிற எல்லோருக்கும் பேட்ச் டெஸ்ட் செய்வது தேவையில்லை என்பதுதான் பெரும்பாலானவர்களின் கருத்து. எனக்கும் அது சரியாகவே படுகிறது. ஆனால் கவரிங் போட்டால் அரிக்குமா என்று வாயைத் திறந்து கேட்பதற்கு டேப்பும் வேண்டாம், கிண்ணமும் வேண்டாம்.

எங்கள் டாக்டர் சொன்ன கணக்கு வேறு. “வச்சப்புறம் பிரச்சினை வந்தா எடுக்கணும். முகத்துல மறுபடி திறக்கறது சாதாரணம் இல்ல. காதுக்கு முன்னாடி முகத்தோட நரம்பு ஓடுது, ஏற்கெனவே ஒருதடவை திறந்த இடம், தழும்புக்குள்ள நரம்பைத் தேடணும். ரிஸ்க் சின்னதுதான், ஆனா மாத்தறதுக்கு இன்னிக்கு ஒரு ஈமெயில் போதும்.” தங்கச்சிக்கு ரெடிமேட் அளவு எதுவும் பொருந்தாது, தாடை கோணலாக வளர்ந்திருந்ததால் அவள் ஸ்கேனை வைத்து அவளுக்கென்றே செய்ய வேண்டியிருந்தது. எப்படியும் புதிதாகச் செய்யப்போகிற சாமான், உலோகத்தை மட்டும் மாற்றச் சொல்ல வேண்டும். டைட்டானியம் கலவை: 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம், மீதி டைட்டானியம்.

அப்படியென்றால் எல்லோருக்கும் டைட்டானியமே வைத்துவிடலாமே என்று கேட்டேன். சுலபமாக இருந்தால் வைத்திருப்பார்கள். டைட்டானியம் உரசலில் மென்மையானது, தேய்ந்து கறுப்புப் பொடி விடும். எலும்போடு ஒட்டி நிற்பதற்கு அருமை, ஒன்றோடொன்று உராய்வதற்கு அவ்வளவு இல்லை. அமெரிக்காவில் 1999ல் அனுமதி பெற்ற, அளவெடுத்துச் செய்கிற தாடை மூட்டு ஒன்றில் இதற்காகவே தாடை எலும்பில் பதிகிற தகட்டை டைட்டானியத்திலும், உராய்கிற தலையை மட்டும் கோபால்ட் குரோமியத்திலும் வைத்தார்கள். அந்தத் தலைதான் எங்களுக்கு இடித்தது. அதையும் டைட்டானியத்தில் செய்து மேற்பரப்பைக் கடினப்படுத்தித் தருகிறோம் என்று செய்கிறவர்கள் ஒத்துக்கொண்டார்கள். இருபது வருடம் கழித்து அந்தத் தலை எப்படி இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். அரிப்பா தேய்மானமா என்று பார்த்து, தேய்மானத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

டைட்டானியத்துக்கு அலர்ஜி வராதா? வரும் என்கிறார்கள், மிக அரிதாக. அதற்கு நம்பகமான பேட்ச் டெஸ்ட் கிடையாது, டைட்டானியம் டையாக்சைடு தோலைத் தாண்டி உள்ளே போகாது. டூத்பேஸ்ட் வெள்ளை, மாத்திரை வெள்ளை, சன்ஸ்கிரீன் வெள்ளை எல்லாம் பல சமயம் அதுதான், தினமும் பூசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய விவகாரம் கண்ணில் பட்டது. 1980களில் அமெரிக்காவில் தாடை மூட்டுக்குள் டெஃப்லான் கலந்த புரோபிளாஸ்ட் என்கிற தகட்டை வைத்தார்கள். மெல்லும் அழுத்தத்தில் அது துகள் துகளாக உதிர்ந்தது, அந்தத் துகளை விழுங்க வந்த செல்கள் ஒன்றுகூடிப் பூதமாகி எலும்பையே அரித்தன, சிலருக்கு மண்டை ஓட்டின் அடிப்பகுதி வரை. 1990ல் அரசு தலையிட்டுத் திரும்பப் பெறவைத்தது. இது அலர்ஜி இல்லை, அந்நியப் பொருள் எதிர்வினை, டி செல்லின் ஞாபகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தங்கச்சியிடம் இதுவரை சொல்லவில்லை, இங்கே படித்தால்தான் அவளுக்குத் தெரியும்.

மூட்டு செய்து வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது, வந்து சேர்ந்தபோது ஆடி. ஆடியில் கத்தி வைக்கக் கூடாது என்று அம்மா உட்கார்ந்துவிட்டாள். ஆவணியில் வைத்தார்கள். வாய் திறக்காதவளுக்கு மயக்கம் கொடுப்பதே ஒரு வித்தை, முழித்திருக்கும்போதே மூக்கு வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டார்கள். காதுக்கு முன்னால் ஒரு வெட்டு, தாடைக்குக் கீழே ஒரு வெட்டு. வெளியே வந்தபோது வலது புருவம் ஏறவில்லை, நரம்பு கொஞ்சம் இழுபட்டிருக்கிறது என்றார்கள். ஆறு வாரம் பாதி முகத்தால் மட்டும் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தாள், பிறகு வந்துவிட்டது. இந்தத் தடவை பயிற்சியில் பாவம் பார்க்கவில்லை. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல் நடுவில் வைத்து, வாரம் ஒரு குச்சி கூட்டினோம்.

மூன்றாவது மாதம், நல்ல மழை சமயத்தில், காதுக்கு முன்னால் வீங்கிச் சிவந்தது. அவ்வளவுதான், டைட்டானியமும் ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். டாக்டர் அலர்ஜி என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. முதலில் கிருமி, அப்புறம் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா, அப்புறம் புது எலும்பு வளர்ந்திருக்கிறதா, எல்லாம் இல்லை என்றால்தான் அலர்ஜி, அதுவும் வீக்கம், வலி, வாய் இறுகுவது என்று மற்றதைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு வரும் என்றார். ரத்தப் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட். தோலுக்கு அடியில் கரையாமல் நின்ற ஒரு தையல் நூல், அதைச் சுற்றி மிளகு அளவுக்குச் சீழ், மூட்டுவரை போகவில்லை. நூலை எடுத்தார்கள், ஒரு வாரம் மாத்திரை, போய்விட்டது. உலோகமாகத்தான் இருக்கும் என்று நான் பிடிவாதம் பிடித்திருந்தால் சீழ் அதுபாட்டுக்கு உள்ளே இறங்கியிருக்கும்.

இப்போது 33 மில்லிமீட்டர். பையனின் ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலால் ஞாயிற்றுக்கிழமை தோறும் அளக்கிறோம். செயற்கை மூட்டு கதவுக் கீல் மாதிரி திறந்து மூடும், இயற்கை மூட்டைப் போல முன்னால் வழுக்காது, அதனால் 40 எல்லாம் எதிர்பார்க்காதே என்று சொல்லிவிட்டார்கள். தாலியில் ஊக்கு கிடையாது. அம்மா தன் தாலியில் நாலு வைத்திருக்கிறாள், எனக்கு அரிக்கலையே என்கிறாள், அதுவும் சரிதான்.

ஆறாவது மாத செக்கப்புக்குப் போனபோது அதே படிவம், அதே இரண்டு கட்டம். தங்கச்சி பேனாவை வாங்கி உணவுக்குக் கீழே கையாலேயே மூன்றாவது கட்டம் போட்டு, நிக்கல், கோபால்ட் என்று எழுதிக் கொடுத்தாள். கவுண்டரில் இருந்த சிஸ்டர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“நிக்கல்னா எதுக்குப் போடற மாத்திரைம்மா?”